அர்பத்நாட் வீழ்ச்சிக்குப் பின்

சென்னைப் பட்டணத்தில் பாரி, பின்னி கம்பெனிகளோடு ஒருசேர வைத்து எண்ணப்பட்டதும், உத்தியோகஸ்தர்கள், பென்ஷன் வாங்கியோர், வக்கீல்கள், விதவைகள் எனப் பலதரத்தாரும் வாழ்நாள் சேமிப்பை யாதொரு சந்தேகமுமின்றி ஒப்படைத்திருந்ததுமான அர்பத்நாட் கம்பெனி, 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி, இனிப் பணம் கொடுக்க இயலாதென்று கைவிரித்துவிட்டது.

லண்டன் கூட்டாளியான மக்ஃபேடியன் ஊக வியாபாரங்களில் இறங்கி அடைந்த நஷ்டங்கள் இதற்குப் பிரதான காரணம். அவர் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் தலைமை வகித்த ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆயினும் இருவருடைய குற்றத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. வியாபாரம் செழிக்கும் காலத்தில் துணிச்சலும், தளரும் காலத்தில் பீதியும் எந்தத் தேசத்திலும் உண்டு. அந்தத் தளர்ச்சியின் பாரம் யார் தலையில் விழும் என்பதை நிர்ணயிப்பவை ஸ்தாபனங்களே. 1906-இல் சென்னை ராஜதானியில் 1843 முதல் நடந்துவந்த மதராஸ் பாங்கு இருந்தது. நோட்டு வெளியிடும் அதிகாரம் சர்க்காரிடம் இருந்தது. ஆனால், பொதுஜனங்களிடம் டெபாசிட் வாங்கிய ஒரு கூட்டு வியாபார ஸ்தாபனத்தின் கணக்கைத் திறந்து பார்க்கவும், நெருக்கடி நேரத்தில் கடன் கொடுத்துத் தாங்கவும் கடமைப்பட்ட மத்திய பாங்கு ஒன்று இந்தியாவில் அப்பொழுது கிடையாது. ஆகவே பாரம் முழுவதும் டெபாசிட்தாரர் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரை நன்றியோடு நினைக்க வேண்டும். பணம் இழந்தவர்களின் சார்பில் வழக்காடியதோடு அமையாமல், இந்தியர்களின் மூலதனத்தோடு, இந்தியர்களே நிர்வகிக்கும் ஒரு பாங்கு வேண்டுமென்று அவர் முயன்றார். சுதேசி உணர்ச்சி பொங்கியிருந்த காலமாதலாலும், நகரத்தார் பெருமக்கள் கைகொடுத்தமையாலும், 1907 மார்ச் 5-ஆம் தேதி பதிவான இந்தியன் பாங்க் ஆகஸ்ட் 15-ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. அடுத்த அக்டோபரிலேயே நியூயார்க்கில் பெரும் பண நெருக்கடி மூண்டது. அமெரிக்கர்கள் அதிலிருந்து பாடம் கற்று 1913-இல் மத்திய பாங்குச் சட்டம் செய்துகொள்ள, அதே வருஷம் நம் நாட்டில் லாகூர் பீப்பிள்ஸ் பாங்கு முதலாகப் பல சுதேசி பாங்குகள் சரிந்தன. சுதேசி என்ற பெயர் மாத்திரம் ஒரு பாங்கைக் காப்பாற்றாது என்பது அப்பொழுது புலனாகியும், ரிஸர்வ் பாங்கு 1935-இல்தான் வந்தது.

வந்தும் என்ன? பிற பாங்குகளைச் சோதித்துக் கட்டுப்படுத்தப் போதிய அதிகாரம் அதற்கு இல்லாமையால், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் பாங்கு விழுந்ததை அதனால் தடுக்க முடியவில்லை. அந்த அதிகாரத்தை 1949-ஆம் வருஷச் சட்டம் அளித்தது. அதன் பிறகும், 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டு எண்ணற்ற சிறு குடும்பங்கள் கலங்கிய பின்னரே, டெபாசிட் இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு 1962 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஒருவருக்கு ஒரு பாங்கில் 1,500 ரூபாய் வரையில் அதில் பாதுகாப்புக் கிடைத்தது.