ஒரு பெயரை எடுப்பதற்காகக் கலைக்கப்பட்ட குழு

ஆய்விதழ்களின் முகப்பில் ஆசிரியர் குழுப் பட்டியல் ஒன்று இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிப்பேன். எங்கள் மென்பொருள் தொழிலில், ஒரு நிரல்தொகுப்பில் யாருடைய ஒப்புதலோடு மாற்றம் உள்ளே போகும் என்று ஒரு பட்டியல் உண்டு. உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை நிறுவனத்தின் பதவி வரைபடத்தைவிட அதுதான் சரியாகச் சொல்லும். ஆய்விதழ்ப் பட்டியலும் அதே மாதிரிதான்.

1920களில் கணித உலகில் ‘மாத்தமாட்டிஷே அன்னாலன்’ இதழின் பட்டியலைவிட கனமான பட்டியல் இருந்திருக்குமா, சந்தேகம்தான். 1868இல் கிளெப்ஷும் கார்ல் நாய்மானும் தொடங்கிய ஜெர்மன் இதழ் அது. 1928 வாக்கில் அதன் முகப்பில் பெயர்கள் இரண்டு அடுக்காக இருந்தன. மேலே முதன்மை ஆசிரியர்கள் நால்வர்: ஹில்பர்ட், ஐன்ஸ்டைன், புளூமன்தால், காரதியோடரி. ஆமாம், அந்த ஐன்ஸ்டைன்தான். கீழே ‘ஒத்துழைப்புடன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பீபர்பாஹ், ஹரால்ட் போர், கூரந்த், சோமர்ஃபெல்ட் என்று இன்னொரு வரிசை. அந்த இரண்டாம் வரிசையில் ஒருவர், 1914 முதல் இருப்பவர், டச்சுக்காரர் பிரௌவர்.

‘ஒத்துழைப்புடன்’ என்றால் என்ன? பெயரை மட்டும் கொடுத்தால் போதுமா, வாக்குரிமையும் உண்டா? பல வருஷம் யாரும் கேட்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கட்டுரைகளை வாங்கி, அனுப்பி, பதில் எழுதி, அச்சு திருத்தி இழுத்துக்கொண்டு போனவர் புளூமன்தால். ஹில்பர்ட்டின் முதல் முனைவர் பட்ட மாணவர். ஆஹனில் பேராசிரியராக இருந்துகொண்டே 1906 முதல் இதழின் நிர்வாக ஆசிரியர்.

பிரௌவருக்கும் ஹில்பர்ட்டுக்கும் சண்டை பழையது. ‘ஒரு கூற்று உண்மை அல்லது பொய், மூன்றாவது வழி கிடையாது’ என்ற விதியை முடிவிலிகளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக்கூடாது என்றார் பிரௌவர். ஒன்று இருக்கிறது என்றால் அதைக் கட்டிக்காட்டு என்பது அவர் கட்சி. ஹில்பர்ட்டுக்கு இது கணிதத்தின் கையைக் கட்டிப்போடும் வேலை. இதோடு அரசியலும் சேர்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் 1920, 1924 சர்வதேச கணித மாநாடுகளில் ஜெர்மானியர்களைச் சேர்க்கவில்லை. 1928இல் பொலோஞாவுக்கு அழைப்பு வந்தது. போகக்கூடாது, அது அவமானம் என்றார் பீபர்பாஹ். ஜெர்மானியரே அல்லாத பிரௌவரும் அதே கட்சி! ஹில்பர்ட் ஒரு பெரும் குழுவோடு போய்வந்தார்.

அப்போது ஹில்பர்ட்டுக்கு வயது 66. கடுமையான ரத்தசோகை நோய். தான் போய்விட்டால் இதழ் பிரௌவர் கைக்குப் போய்விடும் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1928 அக்டோபரில், அடிப்படை விஷயங்களில் நமக்குள் ஒத்துப்போகாது, இனி உங்கள் ஒத்துழைப்பு வேண்டாம் என்ற பொருளில் பிரௌவருக்கு ஒரு கடிதம் போனது. அதில் சேர ஐன்ஸ்டைன் மறுத்தார். பிரௌவர் மேதை, கொஞ்சம் கிறுக்கு, அவர் பாட்டுக்கு இருக்கட்டுமே என்பதுதான் அவருடைய நிலை. பிறகு இந்த மொத்த விவகாரத்துக்கும் ‘தவளை-எலிச் சண்டை’ என்று பெயரும் வைத்தார்.

அடியைத் தணிக்க காரதியோடரி நேரில் லாரன் கிராமத்துக்குப் போனார். பாவம், இரண்டு பேருக்கும் நண்பர். ஹில்பர்ட்டின் உடல்நிலையை எண்ணி விட்டுக்கொடுங்கள் என்றார். பிரௌவர் யோசித்துவிட்டு எழுதிய பதில் குரூரமானது: ஹில்பர்ட் சுயநினைவில் இல்லை என்று அவர் மனைவியும் மருத்துவரும் எழுத்தில் தரட்டும், ஏற்றுக்கொள்கிறேன். பிறகு பீபர்பாஹோடு பெர்லினுக்குப் போய்ப் பதிப்பாளர் ஸ்ப்ரிங்கரை மிரட்டிப் பார்த்தார்.

தீர்வைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் நடுக்கமும் வந்தது. ஒருவரை நீக்க யாருக்கு உரிமை என்பதில் தெளிவில்லை. சரி, எல்லோரையும் நீக்கிவிடலாம்! மொத்தக் குழுவும் கலைக்கப்பட்டது. பழைய ஒப்பந்தம் முடிந்தது, புதிய ஒப்பந்தம் ஹில்பர்ட்டோடு. 101ஆம் தொகுதியின் முகப்பில் ஹில்பர்ட், அவரோடு புளூமன்தால், ஹெக்கே. ஐன்ஸ்டைனும் காரதியோடரியும் திரும்பி வரவில்லை. பிரௌவரின் பெயர் நீக்கப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சேர்க்கப்படவில்லை, அவ்வளவே.

ஹில்பர்ட் சாகவுமில்லை. அந்த நோய்க்கு ஈரல் உணவு மருந்தாகும் என்று 1926இல்தான் தெரியவந்திருந்தது. அவர் 1943 வரை இருந்தார். பிரௌவர் ‘கொம்போசிட்டியோ மாத்தமாட்டிக்கா’ என்று சொந்த இதழ் தொடங்கினார், 1934இல் வெளிவந்தது. யூதர்களும் இருக்கும் அந்தக் குழு வேண்டாமென்று, அதற்குள் நாஜியாகிவிட்டிருந்த பீபர்பாஹ் விலகிக்கொண்டார். போருக்குப் பிறகு அந்த இதழும் பிரௌவரின் கையைவிட்டுப் போனது. அவருக்கு இது இரண்டாவது முறை.

வரலாற்று நூல்கள் இதை இரண்டு மேதைகளின் மோதலாகவே எழுதுகின்றன. எனக்கு அதில் பாதி ஆர்வம்தான். என் கண் புளூமன்தால் மேலேயே போகிறது. இரண்டு குழுக்களிலும் இருந்தவர், இரண்டிலும் அச்சுப் படிகளைத் திருத்தியவர். யூத வம்சம், இளவயதிலேயே புராட்டஸ்டண்ட் ஆகியிருந்தார். நாஜிகளுக்கு அதெல்லாம் கணக்கில்லை. 1933இல் ஆஹன் வேலை போனது. ஐந்து வருஷம் முகப்பில் பெயர் தாக்குப்பிடித்தது. 1938இல் அதையும் எடுத்தார்கள். இந்த முறை யாரும் குழுவைக் கலைக்க வேண்டியிருக்கவில்லை.

1939இல் அவரும் மனைவி மாலியும் நெதர்லாந்துக்குப் போனார்கள். மறு வருஷம் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. மாலி 1943இல் வெஸ்டர்போர்க் முகாமில் இறந்தார். புளூமன்தால் 1944 நவம்பரில் தெரேசியன்ஷ்டாட்டில்.