கட்டங்களில் அடங்காத முறை: திருநெல்வேலியின் திருமணப் பதிவேடுகள்

திருமணப் பதிவேடு என்பது, மணந்துகொண்ட இருவரும் இன்னார் மக்கள், இன்ன ஊரார் என்பதை நாள் குறித்து எழுதி, மணத்தை நடத்தியவரும் சாட்சிகளும் கையொப்பமிட்டு வைக்கும் புத்தகம். இங்கிலாந்தின் ஊர்த் திருச்சபைகளில், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணையால் இவ்வழக்கம் தொடங்கியது. லண்டன் ஃப்ளீட் சிறையைச் சுற்றி நடந்துவந்த இரகசிய மணங்கள் சொத்துரிமையைக் குலைக்கின்றன என்ற அச்சத்தால், 1754 முதல் செயலுக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் அதை இறுக்கி, முன்னறிவிப்பையும் கையொப்பத்தையும் இரண்டு சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. 1837இல் வந்த அச்சுப் படிவம் வயது, தொழில், தந்தை பெயர் ஆகியவற்றுக்கும் கட்டம் வகுத்தது. தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய இந்தப் படிவமே.

ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள பாளையங்கோட்டையில் புராட்டஸ்டன்ட் சபையின் தொடக்கமே ஒரு திருமணச் சிக்கலோடு பிணைந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா, லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்ததால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த மிஷனரி ஷ்வார்ட்ஸ், அந்த அதிகாரி இறந்த பின்னர் 1778இல்தான் அதற்கு இசைந்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் சுமார் 40 பேர் மட்டுமே இருந்தனர். 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் எழுந்த கோவில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரு சபையை நிறுவிய பெண்ணின் இல்வாழ்க்கை எந்தத் திருமணப் பதிவேட்டிலும் ஏற இயலாததாக இருந்தது என்பதைப் பதிவேடுகளை நம்பி வரலாறு எழுதுவோர் மறந்துவிடலாகாது.

1820இல் மிஷனரி ரேனியஸ் வந்த பின் சபைகள் ஊர் ஊராகப் பெருகின. பல ஊர்ச் சபைகளை ஒரு குருவானவரின் பொறுப்பில் சேர்த்த தொகுதிக்குச் 'சேகரம்' என்ற பெயர் நிலைத்தது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் சேகரத்தின் பொறுப்பில் இருந்தன. மணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர் சொல்லலாம் என்று கோவிலில் அறிவிப்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசித்தல்' என்கிறார்கள். காகிதம் வந்து இத்தனை காலமாகியும் அந்தச் சொல்லில் பனையோலை உதிரவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இவ்வழக்கங்களுக்கு அரசின் உருவம் கொடுத்தது. அதன் ஆறாம் பகுதி, கத்தோலிக்கர் நீங்கலான இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்றே எழுதப்பட்டது: அன்றைய விதிப்படி ஆண் 16 வயதையும் பெண் 13 வயதையும் கடந்திருக்க வேண்டும், இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது, உரிமம் பெற்ற ஒருவரின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் ஒருவரையொருவர் ஏற்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவ்வாறு நடந்த மணத்தை ஆங்கிலத்திலோ மாவட்டத்தில் வழங்கும் மொழியிலோ பதியலாம். நான்கு அணா கட்டணத்துக்குத் தரப்பட்ட சான்றிதழ், மணம் நடந்தது என்பதற்கு நீதிமன்றத்தில் முடிந்த முடிவான சான்றாகக் கொள்ளப்பட்டது.

சட்டத்தின் படிவம் கேட்டவற்றுள் குடும்பப் பெயரும் ஒன்று. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் ஊரில், அந்தக் கட்டத்தைத் தந்தை பெயரால் நிரப்பலாம், அல்லது சபை மறக்கச் சொன்ன சாதிப்பட்டத்தால் நிரப்பலாம். இதைவிடப் பெரிய இடைவெளி வேறொன்று உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பெண் பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, அவள் மாப்பிள்ளைக்கு என்ன முறை என்பது. அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

முறை பற்றிய விதி ஆங்கிலிக்கன் சபைக்கும் இருந்தது. பேராயர் பார்க்கர் 1563இல் வகுத்த விலக்கப்பட்ட உறவுகளின் பட்டியல் ஜெபப் புத்தகத்தோடு சேர்த்து அச்சிடப்பட்டு வந்தது. அது அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதை விலக்கியது. இறந்த மனைவியின் தங்கையை மணப்பதையும் விலக்கியது, இங்கிலாந்திலேயே இந்தத் தடையை நீக்க 1907 வரை சட்டம் வரவில்லை. தமிழ்நாட்டின் பல சாதிகளில் முன்னது உரிமை, பின்னது தாயற்ற குழந்தைகளுக்காகச் செய்யப்படும் ஏற்பாடு. மறுபக்கம், மாமன் மகளையும் அத்தை மகளையும் போலவே சிற்றப்பன் மகளையும் அந்தப் பட்டியல் தடுக்கவில்லை. தமிழர்க்கோ அவள் தங்கை. ஆகவே பதிவேட்டில் ஏறிய மணங்கள் இரண்டு வேலிகளையும் தாண்டி வந்தவை. பட்டியலின் தடையால் நின்றுபோனவையும், உறவினர் முகஞ்சுளித்ததால் பேச்சிலேயே முடிந்தவையும் அதில் தடம் விடவில்லை.

கத்தோலிக்கப் பதிவேடு இவ்வகையில் வாய் திறந்து பேசுகிறது. மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களின் சபை, மாமன் மகளை மணப்பதையும் தடையாகவே கருதியதால், அதற்கு மேலிடத்தின் விலக்கு வேண்டியிருந்தது. வாங்கிய விலக்கு மணப்பதிவில் குறிக்கப்பட வேண்டும். தமிழன் உரிமை என்று கொண்டாடும் உறவு, தடை என்ற பெயரால்தான் ஏட்டில் இடம்பெற்றது.

மேல்கரையில், திருநெல்வேலி நகரத்துக்கும் மேற்கே தென்காசிச் சாலையிலுள்ள பேட்டையில் முஸ்லிம்கள் மிகுதி. இத்தகைய ஊர்களில் நிக்காஹ் பள்ளிவாசல் தப்தரில், அதாவது ஜமாஅத்தின் பதிவுப் புத்தகத்தில், எழுதப்படுகிறது. மணமக்கள், பெண்ணின் பொறுப்பாளரான வலீ, இரண்டு சாட்சிகள் ஆகியோரோடு, மணமகன் மணமகளுக்குக் கொடுக்க ஒப்பிய மஹர் எவ்வளவு என்பதும் தப்தரில் ஏறும். ஆங்கிலப் படிவம் பெண்ணுக்கு உரியது இன்னது என்று கேட்டதே இல்லை. ஷரீஅத்தும் அக்காள் மகளை விலக்கி, சிற்றப்பன் மகளை அனுமதிக்கிறது. மனைவி இறந்த பின் அவள் தங்கையை மணப்பதையோ தடுப்பதில்லை. முஸ்லிம் மணங்களை நடத்திவைக்கும் காஜிகளை அரசு நியமிக்கும் வழக்கம் 1864இல் கைவிடப்பட்டு, முஸ்லிம்களின் வேண்டுகோளால் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின் வழியே திரும்பியது. ஆனால் மணம் செல்லுபடியாவதற்குக் காஜி இருந்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கவில்லை. ஆகையால் ஊர்களில் புத்தகம் ஜமாஅத்திடமே தங்கியது.

எல்லா மதத்தாரும் 90 நாளுக்குள் அரசிடம் மணத்தைப் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், மணம் நடந்ததற்குச் சான்றாகக் கோவில் பதிவேட்டின் நகலையோ தப்தரின் நகலையோதான் கையில் எடுத்துச் செல்கிறார்கள்.