மகாவலிக் கழிமுக வெள்ளம்: ரிவர்ஸ்டனிலிருந்து வெருகல் வரை

மகாவலி கங்கை கடலோடு கலக்கும் திருகோணமலை மாவட்டத் தாழ்நிலத்தில் ஏற்படும் வெள்ளங்களையும், அவற்றை முன்னறியவும் தணிக்கவும் நடந்த முயற்சிகளையும் இக்கட்டுரை கூறுகிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கி.மீ. ஓடுகிறது. தீவின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அதில் வடிகிறது. அதன் ஒரு வாய் மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் திறக்கிறது. கிளையாறான வெருகலாறு தெற்கே வெருகலில் கடல் சேர்கிறது. வெள்ளம் வந்து நிற்பது இங்கே என்றாலும் அதன் ஒரு தொடக்கம் மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டனில் இருக்கிறது. கழிமுகத்தை மட்டும் அளந்து கழிமுகத்தின் அபாயத்தை அறிய முடியாது என்பதை இவ்வாற்றின் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

மாத்தளையிலிருந்து றத்தோட்டை, இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்குப் போகும் மலைப்பாதை ரிவர்ஸ்டனைக் கடக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்த முகட்டில் ஓயாத காற்றுக்கு வளைந்து, ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்ட மரங்கள் அடர்ந்திருக்கின்றன. கிளையெல்லாம் பாசி. மழை இல்லாத காலையிலும் மூடுபனி இலையில் படிந்து பாசியில் ஊறி, வேரடியில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அப்படி இறங்கும் நீர் தெலிகமு ஓயா, களுகங்கை முதலிய ஓடைகளாகி அம்பன் கங்கைக்குப் போய், மன்னம்பிட்டி என்ற ஊரை எட்டுமுன் மகாவலியில் சேர்கிறது. காடு இருக்கும்வரை மலை நீரைத் தாமதித்தே கொடுக்கும். கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வேகமாக அழிந்ததைக் கண்டு, 1873இல் ஆங்கில அரசு 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டத் தடை விதித்தது. மரநிழலில் வளரும் ஏலத்துக்காகப் பின்னர் அடிக்காடு துப்புரவாக்கப்பட்டது. உயரே மரம் நின்றது, கீழே மண் கழுவுண்டு போனது. 2000ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அம்பன் கங்கையைப் பழங்கால அரசர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். எலஹெரவில் மறித்த நீர் கால்வாய் வழியே மின்னேரியாக் குளத்துக்குப் போனது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரமும் இந்த ஆற்று நீராலேயே நிறைந்தது. வயலுக்காகக் கட்டியவைதான் இவை. ஆனாலும் மாரிவெள்ளத்தில் ஒரு பங்கைக் கழிமுகத்துக்கு வராமல் வழியிலேயே பிடித்துவைத்தன.

மன்னம்பிட்டிக்குக் கீழே ஆறு சமதரையில் பரவுகிறது. கரையோரம் கிடக்கும் ‘வில்லு’ எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் பெருக்கை வாங்கிக்கொண்டு மெல்ல விடுவிக்கின்றன. எந்தப் பொறியியலாளரும் வரையாத வெள்ளத்தேக்கம் அது. 1984இல் அமைந்த வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா இவற்றில் ஒரு பகுதியைக் காக்கிறது. திருகோணமலைக் கடலில் ஏற்றவற்றம் சிறியது, ஒரு மீட்டரையும் எட்டாது. அபாயம் வாடைக்காற்றோடு வருகிறது: ஆறு பெருகும் அதே மாரியில் காற்றும் புயலும் கடலைக் கரைநோக்கித் தள்ளும், முகத்துவாரத்தில் நீர் வெளியேற வழி குறையும், வெள்ளம் ஊருக்குள் தங்கும். மலைமழை, உள்ளூர் மழை, கடல்மட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியது இதனால்தான்.

இலங்கையில் வெள்ளத்தடுப்புக்கென 1924இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆறுகளின் நீர்மட்டத்தை அளப்பதும் எச்சரிப்பதும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலையாயிற்று. மகாவலியின் கீழ்ப்பகுதிக்கு மன்னம்பிட்டி அளவுகோலே கண். 1957 டிசம்பரில் உலர்வலயமெங்கும் குளங்கள் உடைந்த பெருவெள்ளம், பிற்காலக் கணிப்புகளுக்கு உரைகல்லாக நின்றது.

1960களில் ஐ.நா. துணையோடு வகுக்கப்பட்ட மகாவலித் திட்டம் ஆற்றின் இயல்பையே மாற்றியது. 1976இல் பொல்கொல்லை அணை மகாவலி நீரைச் சுரங்கவழியே அம்பன் கங்கைப் பக்கம் திருப்பியது. 1985இல் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகலையும் வந்தன. ரிவர்ஸ்டனின் அடிவாரத்து நீரைப் பிடிக்கும் மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்கள் 2007இல் தொடங்கிய திட்டத்தின் விளைவுகள். களுகங்கையின் கொள்ளளவு 248 மில்லியன் கனமீட்டர். சிறுவெள்ளங்களை இவ்வணைகள் அடக்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் விவசாயிக்கும் மின்சாரத்துக்கும் வேண்டியது நிறைந்த தேக்கம். வெள்ளத்தைத் தாங்க வேண்டியது வெறுமையான தேக்கம். பெரும்போக மழை முடியும் மார்கழி, தை மாதங்களில் தேக்கங்கள் நிறைந்தே நிற்கும். அப்போது இன்னொரு மழை பெய்தால் வான்கதவு திறப்பதைத் தவிர வழியில்லை. எவ்வளவு முன்னதாகத் திறக்கிறார்கள், கீழே இருப்பவருக்கு எப்போது சொல்கிறார்கள் என்பதில் வெருகல் மக்களின் உயிர் தொங்குகிறது. சிறுவெள்ளம் வராத ஆண்டுகளில் ஆற்றங்கரைக்கு நெருங்கிக் குடியேறுவதும் நடக்கிறது. அணை தந்த நம்பிக்கை அபாயத்தின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி மூதூர், கிண்ணியாக் கரைகளைத் தாக்கியபின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. அடுத்த ஆண்டே, மூதூர்ப் பக்கத்து மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதால் எழுந்த பிணக்கு போராக மூண்டது. வெள்ளத்தில் மக்கள் வெளியேறும் வழியும் நெடுங்காலம் மோசமாக இருந்தது. திருகோணமலை–மட்டக்களப்புக் கரைச்சாலையில் துறைக்குத் துறை வாகனங்களை மறுகரைக்குக் கொண்டுபோகும் ‘பாதை’க்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆறு பெருகிய நாளில் பாதையே ஓடவில்லை. 2009இல் திறந்த 396 மீட்டர் நீளமுள்ள கிண்ணியாப் பாலமும் பிறகு வந்த பாலங்களும் அந்தத் துயரைப் போக்கின. 2011 ஜனவரியில் கிழக்கிலும் வடமத்தியிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளத்தில், பாலம் இருந்தும் தாழ்ந்த சாலைகள் மூழ்கின.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் தீவின்மேல் மெல்ல நகர்ந்தது. ரிவர்ஸ்டன் அமைந்த அதே மலைத்தொடரின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 100 சதுர கி.மீ. பரப்பில் அப்படிப் பெய்தால் அது 5 கோடி கனமீட்டர் நீர். களுகங்கைத் தேக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு. மலையில் நிலச்சரிவுகள், கீழே வெள்ளம் என நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலையில் மழை ஓய்ந்துகொண்டிருந்தபோதே பெருக்கு மன்னம்பிட்டியை மூழ்கடித்துக் கீழிறங்கியது. நவம்பர் 30இல் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. கட்டின்மேல் ஒதுங்கி நின்றவர்களை ஹெலிகொப்டர்கள் தூக்கிச் சென்றன. மூதூர், வெருகல் பக்கத்துக் குடும்பங்கள் மேட்டுநிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.