மண்ணின் சுவையும் மக்கள் வகுத்த எல்லையும்

ஒரே கொடியை இரண்டு இடங்களில் நட்டால் இருவேறு சுவை பிறக்கும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிவர். ஆனால், ஒரு சுவைக்கு உரிய மண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுத்துக் கூற வல்லவர் யார்? இக்கேள்வி பிரான்சு தேசத்தில் கலகமாகவே மூண்ட வரலாற்றை நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

பிரான்சின் வடகிழக்கில் உள்ளது ஷாம்பேன் பிரதேசம். அதன் வடபகுதியில் மார்ன் ஆறு பாய்கிறது. குளிர் மிகுந்த நாடாதலின் அங்கு விளையும் திராட்சையில் இனிப்புக் குறைந்து புளிப்பு மேலோங்கும். நிலத்தடியிலுள்ள வெண்சுண்ணப் பாறை மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட காலத்தில் வேர்களுக்குச் சிறுகச் சிறுக வழங்கும். அத்திராட்சையின் மது, புட்டிக்குள் மறுமுறை நொதித்து நுரை பொங்கும் ஷாம்பேன் ஆகிறது. அதன் கூர்மையான சுவைக்கு அடிப்படை அந்தப் புளிப்பே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விளைச்சல் பொய்த்தது. வணிகர் சிலர் லுவார் முதலிய வேற்றிடங்களிலிருந்து சரக்கை வருவித்து, ஷாம்பேன் என்ற பெயரிலேயே விற்றனர். உள்ளூர் உழவர் கொதித்தெழவே, 1908-ஆம் ஆண்டில் அரசு எல்லை வகுத்தது. அதில் தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் விலக்கப்பட்டது. அதன் மண் களியும் சுண்ணாம்பும் கலந்தது. வடக்கு மண்ணினும் அண்டையிலுள்ள ஷப்லியின் மண்ணுக்கே நெருங்கியது. ஆயினும், பண்டைய ஷாம்பேன் பிரபுக்களின் தலைநகராகிய த்ருவா அம்மாவட்டத்திலேயே இருக்கிறது. வரலாறு ஓப் உழவரைச் சேர்த்தது, மண் பிரித்தது!

1911 ஜனவரியில் மார்ன் உழவர் அயலூர் மதுவை ஆற்றில் கொட்டினர். வசந்தத்தில் ஓப் உழவர் திரண்டு கிளர்ந்தனர். எல்லையை நீக்கலாமென ஏப்ரலில் பிரெஞ்சு மேலவை கருதியபோது, மார்ன் பகுதியின் ஆயி என்னும் ஊரில் வணிகர் இல்லங்கள் தீக்கிரையாயின, படை இறங்கிற்று. அவ்வாண்டிலேயே ஓப் இரண்டாந்தர மண்டலமாக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஷாம்பேனில் முழுமையாகச் சேர்த்தது. பயிரிடத்தக்க திராட்சை வகைகளையும் வரையறுத்தது. 1935-இல் நாடு முழுவதற்கும் விளைநிலப் பெயர்களைக் காக்கும் ஏற்பாடு உருவாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் சட்டமாயிற்று. 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது; 2004-இல் டார்ஜீலிங் தேயிலை முதற் பதிவைப் பெற்றது. சுவையை மண்ணும் வானிலையும் அளிக்கின்றன. அதன் பெயருக்கு உரியவர் யார் என்பதையோ மனிதரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்ப்பில் அடங்கியிருப்பது அருந்துவோரின் இன்பம் மட்டுமன்று. விளைவிப்போரின் வாழ்வும் ஆகும்.