பழங்கதையும் புது நாவலும்



உத்திரமேரூர் என்றவுடன் வரலாறு பயில்வோர் நினைவிற்கு வருவது குடவோலை முறையே. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர் மகாசபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லிலே பொறித்து வைத்தனர். அவ்வூரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த எனக்கோ, அந்த மண்ணை எண்ணுந்தோறும் வேறொரு காட்சியும் உடன் தோன்றும். கோடைக்காலம்; திரௌபதியம்மன் கோயில் திடல்; பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து; முடிவு நாளன்று தரையில் மண்ணாற் கிடத்திய துரியோதனன் உருவமும் படுகளமும். இதுவே என் இளமையில் நான் கற்ற முதல் இலக்கியம்.

பாரதம் எங்கள் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரிற் கிடைத்த செப்பேடு ஒன்று, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அதிலே, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளக்குக்கும் வழிபாட்டிற்கும் பொருள் வைத்தது போலவே, கதை கேட்பதற்கும் அக்காலத்தார் பொருள் வைத்தனர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வட்டாரத்தில் அக்கதையைக் கேட்க மக்கள் கூடுகின்றனர் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும், கல்லூரியிற் சேர்ந்த புதிதில் எனக்கு அக்கூத்தின்மேல் ஓர் ஏளனம் பிறந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, என் தந்தையாருடன் 'கர்ண மோட்சம்' காணச் சென்றேன். அதிலே கர்ணனின் மனைவி பொன்னுருவி வருகிறாள். கணவனின் பிறப்பை இழிவாக எண்ணி அவனை அவமதிக்கிறாள். அவன் குந்தியின் மகன் என்று அறிந்தபின் அழுகிறாள். "வியாசர் பாரதத்தில் பொன்னுருவியே இல்லை, அப்பா. இவர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று நான் சொன்னேன். விளக்கு வெளிச்சத்தில் என் தந்தையார் என்னை ஒரு முறை பார்த்தார். விடை ஒன்றும் கூறவில்லை. அன்று நான் வென்றதாகவே எண்ணினேன்.

அவ்வாண்டே ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' எங்களுக்குப் பாடமாயிற்று. முதுமையுற்ற மன்னன் தன் நாட்டை மகளிர் மூவருக்குப் பகிர்ந்தளிக்க முற்படுகிறான். முகமன் கூறிய இருவர்க்கும் ஈந்து, உண்மை கூறிய இளையவளைத் துரத்துகிறான். நாடகத்தைக் கற்றபோது அதன் வரலாற்றையும் கற்றேன்; என் வெற்றி அங்கே தோல்வியாயிற்று. அக்கதை ஷேக்ஸ்பியருடைய சொந்தக் கற்பனையன்று. அது பழைய பிரித்தானிய மரபுக்கதை. அவருக்கு முன்னரே மேடையேறிய பெயர் தெரியாத ஆசிரியரின் நாடகம் ஒன்று 1605-இல் அச்சாயிற்று. அதில் மன்னன் மீண்டும் அரியணை ஏறுகிறான். ஷேக்ஸ்பியரோ இளைய மகளையும் மன்னனையும் சாகவிட்டார். 1681-இல் நேஹம் டேட் என்பவர் அம்முடிவைத் தாங்காது, இன்பமாக மாற்றி எழுதினார். அம்மாற்றமே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆங்கில மேடையை ஆண்டது. இவற்றுள் எது கதை? எது கெட்ட கதை? மூலத்திலிருந்து மாறியதே குற்றம் என்றால், முதற் குற்றவாளி ஷேக்ஸ்பியரே ஆவார் அன்றோ?

மறுமலர்ச்சிக் கால நாடக ஆசிரியர் பலரும் இவ்வாறே பழங்கதைகளை எடுத்தாண்டனர். உரோமக் கவிஞர் ஓவிட் பாடிய புராணக் கதைகளை ஆர்தர் கோல்டிங் 1567-இல் ஆங்கிலமாக்கி முடித்தார். அக்கதைகளுள் ஒன்றான பிரமஸ், திஸ்பி காதலை, ஷேக்ஸ்பியர் தம் 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் தச்சனும் கன்னானும் கூடி நடிக்க வைத்தார். தலைமை வேடம் பூண்டவன் ஒரு நெசவாளி. காஞ்சிபுரத்துக்காரர் எவரும் அவனை அயலான் என்று எண்ணார்.

இனி நாவலுக்கு வருவோம். பாரதத்தின் உத்தியோக பருவத்தில் மாதவி என்னும் பெண்ணின் கதை வருகிறது. விசுவாமித்திரரின் மாணவன் காலவன், ஒரு செவி மட்டும் கறுத்த வெண்குதிரைகள் எண்ணூற்றைக் குருதட்சிணையாகத் தரவேண்டியவனானான். யயாதி மன்னன் குதிரைகளுக்கு மாறாகத் தன் மகள் மாதவியை அளித்தான். மூன்று அரசர் ஒவ்வொருவரும் 200 குதிரைகள் கொடுத்து, அவளிடம் ஒவ்வொரு மகனைப் பெற்றனர். எஞ்சிய குதிரைகளுக்கு ஈடாகக் குருவே அவளை ஏற்றார். இறுதியில் சுயம்வரத்தில் அவள் எந்த ஆடவனையும் கொள்ளாது, காட்டைத் தேர்ந்தாள். மூலநூல் குதிரைகளைக் கணக்கிடுகிறது. பெற்ற மக்களைப் பெயர் சொல்லிப் புகழ்கிறது. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் தம் 'நித்தியகன்னி' என்னும் நாவலில், அக்கணக்கை விட்டு மாதவியின் உள்ளத்தை நடுவில் வைத்தார். அந்நாவலைப் படித்தபின் நான் மீண்டும் மூலத்தைத் திறந்தபோது, முன்பு விரைந்து கடந்த வரிகள் என்னை நிறுத்தின. அவள் காட்டை நாடியதன் காரணத்தை நான் முன்னர்க் கேட்கவே இல்லை.

மேல்நாட்டிலும் இவ்வாறே. அமெரிக்க ஆசிரியை ஜேன் ஸ்மைலி 1991-இல் 'ஆயிரம் ஏக்கர்' என்ற நாவலை வெளியிட்டார். அது 1992-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் லியர் அரசன் இல்லை. அயோவா மாநிலத்து உழவர் ஒருவர் தம் நிலத்தை மகளிர் மூவருக்கு எழுதி வைக்கிறார். கதையைச் சொல்பவளோ, நாடகத்தில் நாம் வெறுத்த மூத்த மகளின் இடத்தில் இருப்பவள். ஏரியை நம்பிய நிலத்தில், பாகப்பிரிவினையால் உடன்பிறந்தார் பேச்சற்றுப் போனதைக் கண்டு வளர்ந்த எனக்கு, அந்நாவல் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. வெறுக்கத்தக்கவளுக்கும் ஒரு வழக்கு உண்டு என்பதை அது காட்டுகிறது. அதனால் லியரின் துயரம் குறைவதில்லை.

ஆகவே மாணவர்களே, பழங்கதையை மாற்றி எழுதிய நூல் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, 'மூலத்தில் இப்படி இல்லையே' என்று மூடிவைக்க வேண்டா. 'புதுமை' என்பதற்காகவே போற்றவும் வேண்டா. மூலத்தையும் படியுங்கள், மாறிய இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள், அம்மாற்றம் யாருடைய குரலை நமக்குக் கேட்பிக்கிறது என்று வினவுங்கள். மூலத்திலே உறங்கிய ஒரு வினாவை எழுப்புமாயின், அது நல்ல மாற்றம். மூலத்தின் துன்பத்தை மறைத்து நம்மை மகிழ்விப்பதற்கு மட்டுமே செய்ததாயின், அது டேட் செய்த மாற்றம்.

பல ஆண்டுகள் கழித்து, அதே திடலில் என் தந்தையாருடன் மீண்டும் 'கர்ண மோட்சம்' கண்டேன். பொன்னுருவி அழுது முடித்தபின், பழைய பேச்சை நினைவூட்டி என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஊரெல்லாம் கர்ணனை வள்ளல் என்று பாடும். பிறப்பைச் சொல்லிக் குத்தினால் வீட்டுக்குள் அவனுக்கு எப்படி வலிக்கும் என்பதை யார் சொன்னார்கள்? அவள் வந்த பிறகுதான் தெரிகிறது" என்றார்.

பொன்னுருவியைப் படைத்த கூத்து மரபு, மாதவியின் மனத்தைத் தேடிய நாவலாசிரியர், லியரை மாற்றிய நாடக ஆசிரியர் ஆகிய எல்லோரும் செய்த பணி ஒன்றே என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் எனக்கு முன்பே அறிந்திருந்தார்.