பேசாத பூனைக்குப் பேச்சு வந்த கதை

டாம் அண்ட் ஜெர்ரி பார்க்காதவர் யாராவது இருக்கிறார்களா? மயிலாப்பூரில் கான்வென்ட் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சரி, அங்கிருந்து ஒரு நடை தூரத்தில், கலங்கரை விளக்கத்தைத் தாண்டியுள்ள நொச்சிக்குப்பத்தில் வலை காயும் வாசலில் வளரும் பிள்ளையும் சரி, சிரிக்கும் இடம் ஒன்றுதான். பூனை இஸ்திரிப்பெட்டியில் வாலை வைக்கும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இதற்கு ஆங்கிலம் வேண்டாம், தமிழ்கூட வேண்டாம்! ஏனென்றால் அந்தப் பூனை பேசாது.

ஆனால் இப்படிப்பட்ட அடிதடி கார்ட்டூன்களைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் முதலில் கை வைத்ததே அந்த மௌனத்தில்தான். அது ஏன் என்று பார்த்தால் ரசனை, ஒழுக்கம் எல்லாம் பிறகுதான். முதலில் நிற்பது கணக்குப் புத்தகம்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் 1940-இல் இந்தப் பூனை எலியைத் தொடங்கினார்கள். 1958 வரை நூறுக்கும் மேற்பட்ட குறும்படங்கள், ஏழு ஆஸ்கர் விருதுகள். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம்தான். ஆனால் வசனம் ஏறக்குறைய இல்லாததால் ஒவ்வொரு அசைவும் கதை சொல்லியாக வேண்டும். முழிப்பது, பதுங்குவது, பல் உதிர்வது எல்லாவற்றையும் கையால் வரைந்தார்கள். ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வொரு அடிக்கும் தாளம் போட்டது. டாம் அடிபட்டதும் போடும் அந்த அலறல் இருக்கிறதே, அது ஹன்னாவின் சொந்தக் குரல்!

1957-இல் எம்.ஜி.எம். கணக்கர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழைய கார்ட்டூனையே மறுபடி தியேட்டருக்கு அனுப்பினாலும் புதுப் படத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக வசூலாகிறது. அப்புறம் எதற்குப் புதிதாக வரைய வேண்டும்? கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலை போன ஹன்னாவும் பார்பெராவும் டெலிவிஷனுக்குப் போனார்கள். அங்கே ஐந்து நிமிடக் கார்ட்டூனுக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். தியேட்டர் காலத்துச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காசுக்கு அசைவை வரைய முடியாது. எனவே உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்தார்கள். கழுத்தில் காலரோ டையோ மாட்டிவிட்டால் தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும். யோகி கரடி டை கட்டியதன் ரகசியம் இதுதான்! வரைவதைவிடப் பேசுவது மலிவு. டெலிவிஷன் கார்ட்டூன் வாயாடியானது இப்படித்தான்.

நடுவில் ஜீன் டைச் ப்ராக் நகரத்தில் 13 படங்களும், பிறகு சக் ஜோன்ஸ் 34 படங்களும் எடுத்தார்கள். அவை தியேட்டர்களுக்கு எடுத்தவை. டெலிவிஷனுக்கென்று டாம் அண்ட் ஜெர்ரியைப் புதிதாக எடுத்தது 1975-இல், ஏ.பி.சி. சேனலுக்காக. அதற்குள் அமெரிக்காவில் பெற்றோர் அமைப்புகள் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வன்முறை கூடாது என்று போராடத் தொடங்கியிருந்தன. விளைவு? ஜெர்ரிக்குச் சிவப்பு வில் டை, பூனையும் எலியும் நண்பர்கள், சேர்ந்து ஊர் சுற்றுகிறார்கள், அடி இல்லை. மிளகாய் இல்லாத மீன் குழம்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1992-இல் வந்த முழுநீளப் படத்தில் இரண்டும் பேசவே செய்தன, போதாக்குறைக்குப் பாட்டு வேறு. 2006-இல் வந்த புதுத் தொடர் பேச்சை விட்டுவிட்டுத் துரத்தலைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் பார்பெரா இறந்தார்.

சரி, இந்தக் கதை சென்னைக்கு எப்போது வந்தது?

எம்.ஜி.எம். படக் களஞ்சியத்தை 1986-இல் டெட் டர்னர் வாங்கியிருந்தார். குவிந்து கிடந்த பழைய கார்ட்டூன்களை ஓட்டவே ஒரு சேனல் தொடங்கலாம் என்று பிறந்ததுதான் கார்ட்டூன் நெட்வொர்க். இந்தியாவுக்கு அது 1995 மே மாதம் வந்தது. பகலில் கார்ட்டூன், இரவில் டி.என்.டி. என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்கள். தாத்தா காலத்தில் வரைந்த கார்ட்டூன் சென்னைப் பிள்ளைகளுக்குப் புத்தம் புதுப் படம்! முதலில் ஆங்கிலம் மட்டும்தான், தமிழ் ஒலி பிறகுதான் சேர்ந்தது. ஆனால் டாமுக்கு அது தேவைப்படவில்லை. ஸ்கூபி டூ என்ன சொல்கிறது என்று புரியாதவர்கள் டாம் வந்ததும் நிமிர்ந்து உட்காரலாம்.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் சி.ஏ.எஸ். முறை வந்தது. செட்டாப் பாக்ஸ் வாங்கினால்தான் கட்டணச் சேனல்கள் தெரியும், இல்லையென்றால் மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டி இலவசச் சேனல்களை மட்டும் பார்க்கலாம். மற்ற பெருநகரங்களில் இது தள்ளிப்போனது, சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது. சில ஆயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கியவர்கள் குறைவு. பேசாத பூனையைப் பார்க்க மொழி வேண்டாம்தான், ஆனால் பெட்டி வேண்டும் என்றானது. சன் டி.வி. போன்ற தமிழ்ச் சேனல்கள் தெரிந்துகொண்டிருந்ததால் பெரும்பாலான வீடுகளில் அதோடு திருப்திப்பட்டார்கள்.

அந்தச் சேனல்களில் அடிதடி நகைச்சுவைக்குப் பஞ்சமா என்ன? கவுண்டமணி செந்திலை உதைத்தார். 'பிரெண்ட்ஸ்' (2001) படத்தில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்தது. அச்சு அசல் கார்ட்டூன் அடி அது. 2019-இல் உலகமே அந்த நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்ததும் நினைவிருக்கும். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் உதையும் வசனமும் ஒன்றாக வரும். கவுண்டமணியின் காலைவிட வாய் முந்திக்கொள்ளும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் காலத்திலிருந்தே இப்படித்தான்.

2006-க்குப் பிறகு தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. நாள் முழுதும் தமிழ் பேசும் கார்ட்டூன்கள். ஜாக்கி சான் தொடரின் தமிழ் வசனத்தை இன்றும் நண்பர்கள் கூடினால் பேசிச் சிரிக்கிறார்கள். கோடம்பாக்கத்து டப்பிங் பழக்கம் கார்ட்டூனுக்குள் நுழைந்துவிட்டது. 1969-இல் தொடங்கிய 'லோட்போட்' என்ற இந்திப் பத்திரிகையின் படக்கதை ஜோடியான மோட்டுவும் பட்லுவும் 2012-இல் நிக்கலோடியன் தொடராக மறுபிறவி எடுத்துத் தமிழும் பேசினார்கள். குண்டன் ஒல்லி, துரத்தல், விழுதல் என்று எல்லாமே பழைய சரக்கு. ஆனால் சமோசா சாப்பிட்டுக்கொண்டே ஓயாத பேச்சு.

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஆகி. 1998-இல் பிரான்சில் தொடங்கிய 'ஆகி அண்ட் தி காக்ரோச்சஸ்' டாம் அண்ட் ஜெர்ரியின் நேரடி வாரிசு. ஒரு நீலப் பூனை, மூன்று கரப்பான் பூச்சிகள், ஓயாத சண்டை, வசனம் கிடையாது. எந்த நாட்டுக்கும் டப்பிங் செலவில்லாமல் விற்கலாம் என்பது அதன் வியாபார பலம். இந்தியச் சேனல்களோ அந்த ஊமைப் படத்துக்குக் காசு செலவழித்துக் குரல் கொடுத்தன! இந்தியில் ஆகி ஷாருக் கான் பாணியில் பேசியது. தமிழிலும் பூனையும் கரப்பானும் பேசின.

இது 1975-இல் நடந்த தவறேதானா? இல்லை. அங்கே அசைவை எடுத்துவிட்டுப் பேச்சை வைத்தார்கள். இங்கே அசைவும் அடியும் அப்படியே இருக்க, மேலே பேச்சைத் தூவினார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் ஆகி சிரிக்க வைக்கும். 1975-ஆம் வருட ஜெர்ரியால் அது முடியாது. கவுண்டமணியில் பழகிய காதுக்கு உதையோடு வசனமும் வருவது இயல்பாகவே இருந்தது. தமிழ்க் குரலால் ஆகி பல வீடுகளில் சொந்தக்காரனானது உண்மை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பூனை எந்தத் தமிழ் பேசுகிறது? பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத டப்பிங் தமிழ். நொச்சிக்குப்பத்துக் கரையில் பேசும் தமிழ் அதில் இல்லை. சினிமாவிலும் மெட்ராஸ் பாஷைக்கு அடிவாங்குபவன், கையாள், ரிக்‌ஷாக்காரன் வேடங்கள்தான் அதிகம் கிடைத்தன. அந்தப் பாஷைக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் 'சபாஷ் மீனா' (1958) படத்தில் ரிக்‌ஷாக்காரனாக வந்த ஜே.பி. சந்திரபாபு. உடம்பாலேயே சிரிக்க வைக்கத் தெரிந்த அவர் பிறந்தது தூத்துக்குடி. அடக்கமாகியிருப்பது நொச்சிக்குப்பத்திலிருந்து அதிக தூரமில்லாத குயிபிள் தீவுக் கல்லறையில். பேசாத டாமிடம் இந்தச் சிக்கலே இல்லை. அது யார் பாஷையும் பேசவில்லை, அதனால் யாரையும் வெளியே நிறுத்தவும் இல்லை.

2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த புது ஆகி தொடரில், இந்திய நண்பர்களின் மகளான பியா என்ற யானைக்குட்டி ஆகியின் வீட்டில் வளர்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் கணக்குப் போட்டுவிட்டார்கள், சந்தை எங்கே இருக்கிறதென்று. டாம் கணக்கு வேறு. அமெரிக்கச் சட்டப்படி 1940-ஆம் வருட முதல் படத்தின் காப்புரிமை 2036 ஜனவரி 1 அன்று முடிகிறது. டிரேட்மார்க் தொல்லை இருக்கும் என்றாலும், அந்த முதல் படத்தை வைத்து அங்கே யாரும் புதுக் கார்ட்டூன் எடுக்கலாம். அந்தப் படத்தில் பூனைக்கு டாம் என்ற பெயரே கிடையாது. அதன் பெயர் ஜாஸ்பர். அது பேசவும் பேசாது.