வெப்பமும் குளிரும் விற்ற ஏழு பேர் - ஏசி தொழில் பிறந்த கதை

ஏசி வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்பதுதான். பலர் அதை இயந்திரத்தின் எடை என்றே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை டன் எடையைச் சுவரில் மாட்டினால் சுவர் நிற்குமா?

இந்த டன், ஐஸ்கட்டியின் டன். ஒரு அமெரிக்க டன் (2,000 பவுண்டு) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றியுள்ள இடத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்துக் கொள்ளுமோ, அந்த அளவுக்கு ஒரு டன் குளிரூட்டல் என்று பெயர். கணக்கில் சொன்னால் மணிக்கு 12,000 பி.டி.யு. இயந்திரம் வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் சென்னைக்கே கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்).

இன்றும் ஐஸின் டன்னிலேயே அளக்கும் ஏசி தொழில் எங்கே, எப்படிப் பிறந்தது? அந்தக் கதை தொடங்குவது அமெரிக்காவின் கடும் பனி கொட்டும் ஊர் ஒன்றில்!

சூடு விற்ற கம்பெனி

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் உள்ள நகரம் பஃபலோ. அங்கே இருந்த பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனி கொல்லர் உலைகள், பெரிய காற்றாடிகள், கட்டடங்களைச் சூடேற்றும் சாதனங்கள் ஆகியவற்றைச் செய்து விற்றது. சுருள் குழாய்களுக்குள் நீராவியை ஓடவிட்டு, அதன்மேல் காற்றாடியால் காற்றை ஊதினால் சூடான காற்று வரும். குளிர்காலத்தில் தொழிற்சாலைகள் இயங்க இது அவசியம்.

1901-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த வில்லிஸ் கேரியர் இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 10 டாலர். அன்று சூடேற்றும் சாதனங்களைப் பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் வடிவமைத்தார்கள். சரியான அளவு தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே போடுவது வழக்கம். அந்த வீண் செலவு கேரியரின் கண்ணில் பட்டது. எவ்வளவு காற்று, எவ்வளவு நீராவி, எவ்வளவு குழாய் என்று சோதனை செய்து அட்டவணை போட்டார்.

அச்சகத்தில் வந்த வழக்கு

1902-ல் புரூக்ளினில் உள்ள ஒரு வண்ண அச்சகத்திலிருந்து ஒரு பிரச்சினை வந்தது. அந்தக் காலத்தில் வண்ணப் படம் அச்சிட ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். நேற்று அடித்த மஞ்சளின்மேல் இன்று அடிக்கும் சிவப்பு சரியாக உட்காராது. தாளும் வீண், மையும் வீண், பத்திரிகை வெளிவரவேண்டிய தேதியும் போச்சு.

கேரியர் யோசித்த வழி மிக எளிமையானது. சூடேற்றும் அதே சுருள் குழாயில் நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை ஓடவிட்டால்? சில்லென்ற தண்ணீர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதேபோலக் காற்றில் உள்ள ஈரம் குழாயின்மேல் நீராகப் படிந்துவிடும். உலர்ந்த காற்று உள்ளே போகும். குழாயின் குளிர்ச்சியையும் காற்றின் வேகத்தையும் சரிபார்த்து வைத்தால், அறையின் ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டார். முதல் ஏசி மனிதனின் வியர்வைக்காக வரவில்லை, காகிதத்தின் வியர்வைக்காகத்தான் வந்தது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடேற்றும் தொழிலும் குளிரூட்டும் தொழிலும் ஒரே குழாயிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவில் இன்றும் ஒரே ஒப்பந்ததாரர்தான் இரண்டையும் செய்கிறார்.

1906-ல் கேரியருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லும் வந்தது. ஆனால் அதைச் சொன்னவர் கேரியர் அல்ல, சார்லட் நகரத்து நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர். நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் ஈரம் வேண்டும். அச்சகத்துக்கு ஈரத்தை எடுக்க வேண்டும், நூற்பாலைக்கு ஈரத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே தொழில்தான்.

வேலை போனது, கம்பெனி பிறந்தது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வரப்போகும் நாட்களை நினைத்துப் பயந்த பஃபலோ ஃபோர்ஜ், இனி சாதனங்களைத் தயாரிப்பதோடு நிறுத்திக் கொள்ளலாம், வடிவமைத்துப் பொருத்தித் தரும் வேலை வேண்டாம் என்று முடிவு செய்தது.

கேரியர், இர்வின் லைல் உள்ளிட்ட ஏழு பேர் ஒன்று சேர்ந்தார்கள். கையிலிருந்த பணத்தைத் திரட்டினார்கள். மொத்தம் 32,600 டாலர். 1915 ஜூன் 26-ல் கேரியர் என்ஜினியரிங் கார்ப்பரேஷன் பிறந்தது.

தொடக்கத்தில் அவர்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. ஆக, அவர்கள் விற்றது என்ன? இயந்திரத்தை மற்றவர்களிடம் வாங்கிக் கொள்ளலாம். இவர்கள் விற்றது ஒரு வாக்குறுதியை. "உங்கள் கட்டடத்துக்குள் இத்தனை டிகிரி, இத்தனை சதவீத ஈரம் இருக்கும்" என்ற உத்தரவாதம். இரும்பை எடை போட்டு விற்பதைவிட இது ஆபத்தான வியாபாரம். சுவர் எத்தனை, ஜன்னல் எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர், விளக்குகள் தரும் சூடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். குறைத்துப் போட்டால் வாக்கு பொய்க்கும், கூட்டிப் போட்டால் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விடும். இன்றும் ஒவ்வொரு ஏசி ஒப்பந்ததாரரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறார்.

மக்களிடம் வந்த குளிர்

அதுவரை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆலைகளே. அமோனியா நச்சு வாயு என்பதால் மக்கள் கூடும் இடத்தில் வைக்க எல்லோரும் பயந்தார்கள். 1922-ல் கேரியர் அறிமுகப்படுத்திய மையவிலக்கு இயந்திரம் அமோனியா இல்லாமலே இயங்கியது, இடமும் குறைவாகவே பிடித்தது.

1924-ல் டெட்ராய்ட்டின் ஹட்சன் பல்பொருள் அங்காடி அதை வாங்கியது. அந்தக் கடையின் அடித்தளத்தில் தள்ளுபடி விற்பனை நடக்கும் நாட்களில் கூட்டத்திலும் புழுக்கத்திலும் வாடிக்கையாளர்கள் மயங்கி விழுவார்களாம். 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கமும் அதை வாங்கியது. திறப்பு நாளன்று இயந்திரம் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியது. அரங்கு நிறைந்த கூட்டம், கையில் விசிறிகள். மெல்ல மெல்லக் குளிர் பரவ, விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாரமவுண்ட் அதிபர் அடால்ஃப் சூகரும் அங்கே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். அந்த விசிறிகள் நிற்கும்வரை கேரியரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

அதற்குப் பிறகு கோடையில் காலியாகக் கிடந்த திரையரங்குகளுக்குக் கோடையே நல்ல வசூல் காலமானது. 1928-ல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் கட்டிய மிலம் கட்டடம், முழுதும் ஏசி செய்த முதல் உயர அலுவலகக் கட்டடம் என்ற பெயரைப் பெற்றது.

சிரக்யூஸ் சொல்லும் மிச்சக் கதை

1937-ல் கேரியர் கம்பெனி சிதறிக் கிடந்த தன் ஆலைகளை ஒன்றாக்கி சிரக்யூஸ் என்ற நடுத்தர நகரத்துக்கு வந்தது. அங்கே ஃபிராங்க்ளின் கார் கம்பெனி திவாலாகி, அதன் ஆலை காலியாகக் கிடந்தது. வேலையிழந்து நின்ற ஊருக்கு ஏசி சோறு போட்டது. வில்லிஸ் கேரியர் 1950-ல் காலமானார். 1980-ல் திறந்த பல்கலைக்கழக விளையாட்டரங்குக்கு கேரியர் டோம் என்றே பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏசி கம்பெனியின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கில் பல பத்தாண்டுகளாக ஏசியே இல்லை!

2003-ல் கம்பெனி சிரக்யூஸ் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சுமார் 1,200 பேருக்கு வேலை போயிற்று. அந்த உற்பத்தி வேறு ஆலைகளுக்குப் போனது. 2022-ல் அரங்கின் பெயரும் மாறிவிட்டது. ஃபிராங்க்ளின் போன வழியிலேயே கேரியர் ஆலையும் போனது.

ஆனால் சிரக்யூஸில் ஒரு வேலை மட்டும் போகவில்லை. குளிர்காலத்தில் உலை நின்றுபோனால் வந்து பார்ப்பவர், ஜூலையில் மாடியேறி கம்ப்ரசரைத் திறப்பவர், அறையை அளந்து இத்தனை டன் வேண்டும் என்று சொல்பவர் - இவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். இயந்திரத்தை எந்த நாட்டில் வேண்டுமானாலும் செய்யலாம். அதைப் பொருத்துபவர் அந்தந்த ஊர் மாடியில்தான் ஏறியாக வேண்டும்.

1915-ல் அந்த ஏழு பேர் தொடங்கியதும் இந்த வேலையைத்தான். ஆலை இல்லாமல், அளவு கோலையும் வாக்கையும் மட்டும் நம்பித் தொடங்கிய வேலை. நூறு ஆண்டுகளில் ஆலைகள் வந்தன, போயின. அளந்து சொல்பவருக்கு மட்டும் இன்னும் அழைப்பு வந்து கொண்டேதான் இருக்கிறது.